வலிப்பு உள்ளவர்களுடன் மலையேற்றம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் மலையேற்றக் குழுவில் சேர, வலிப்பு நோய் உள்ள இளைஞர்கள் சிலர் விண்ணப்பித்திருக்கிறார்கள். நோயின் பெயரைக் கேட்டவுடன் கதவை அடைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேச மருத்துவ அமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் ஒட்டுமொத்தத் தடை விதிக்காமல், விளையாட்டின் ஆபத்தையும் ஒருவருடைய வலிப்பின் தன்மையையும் சேர்த்தே எடைபோடச் சொல்கின்றன.

தூக்கக் குறைவும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், நள்ளிரவில் எழுந்து புறப்படும் வழக்கத்தைக் கைவிட்டிருக்கிறோம். வலிப்பு வந்தால் பாறை விளிம்பருகே செல்லவிடாமல் காத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 5 நிமிடங்களைத் தாண்டினால் அவசர உதவியை அழைக்கத் துணைவர்கள் பழகிவருகிறார்கள். செல்பேசிக்குச் சமிக்ஞையே கிடைக்காத காட்டுப் பாதையில், அந்த 5 நிமிடங்களுக்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் எங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. மருத்துவர் எழுதிக்கொடுத்த, நீடிக்கும் வலிப்பை நிறுத்த உதவும் மிடாசோலம் மருந்தின் மூக்குத் தெளிப்பானை வெயிலில் கெடாமல் எடுத்துச் சென்று, பயிற்சி பெற்ற துணைவர் பயன்படுத்திய அனுபவம் யாருக்கேனும் உண்டா?

பாறையேற்றத்தில், மேலே பிணைத்த கயிற்றைக் கீழிருந்து ஒருவர் கட்டுப்படுத்தும் முறையை மட்டும் அனுமதிக்க நினைக்கிறோம். ஏறுபவர் நினைவிழந்தாலும் கயிறு தாங்கும். ஆனால் தளர்ந்து தொங்கும் உடல் தலைகீழாகச் சாயாமல் இறக்குவதற்கு முழு உடல் பாதுகாப்புப் பட்டை போதுமா? படகுப் பயணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

வலிப்புடன் வாழ்பவர்களின் பதில்களையே முதலில் எதிர்பார்க்கிறோம். இவற்றில் எது தேவையான காப்பு, எது வீண் கட்டுப்பாடு என்று தயங்காமல் சொல்லுங்கள்.