தினமும் ஓட்டும் வண்டியையே மலையேற்றுவதா, அதற்கென்று ஒரு பழைய ஜீப் வாங்குவதா? மலைப் பாதை ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டியையும் ஊரையும் தலைப்பாகப் போட்டுப் பதில் சொல்கிறார்கள் (எம்.எம்.540 என்பது பழைய மஹிந்திரா ஜீப்).

தார் டீசல், கோயம்புத்தூர்

மாதம் ஒரு ஞாயிறு கல்லும் சேறும், மற்ற நாள் ஆபீஸும் பள்ளிக்கூடமும் என்றால் ஒரே வண்டி போதும் என்பது என் கட்சி. 2020-க்குப் பிந்தைய 4x4 மஹிந்திரா தாரில் கம்பெனியிலிருந்து வரும்போதே 226 மி.மீ. கிளியரன்ஸ் (தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி), லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்), 650 மி.மீ. வரை தண்ணீரில் இறங்கும் வசதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஷோரூமிலிருந்து நேரே மலைக்கு விடக் கூடாது. மூன்று இடங்களில் அடி விழும்.

ஒன்று, பக்கவாட்டு ஃபுட்போர்டு. கல்லில் உட்கார்ந்தால் மேல்நோக்கி மடங்கிக் கதவின் அடியில் இடிக்கும், பிறகு கதவு திறக்காது. போல்ட்டில் நிற்பதுதான், முந்தின நாளே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு, பின் ஷாக் அப்சார்பரின் கீழ் மவுண்ட். அது தாழ்ந்து தொங்குகிறது. பெரிய கல்லைக் கண்டால் வண்டியின் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம்; டயரைக் கல்லின் மேலே ஏற்றுங்கள், அடிப்பாகம் தானாக உயரும். மூன்று, முன் பம்பரின் கீழ் பிளாஸ்டிக். அது போனால் போகட்டும், நாலு கிளிப் மட்டும் கையில் இருந்தால் சரி.

பின்னால் எம்.எல்.டி. லாக்கர் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிச் சுற்ற வைக்கும் அமைப்பு) உள்ள வகை என்றால் அதற்கு ஸ்விட்ச் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களின் சுழற்சியில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பிடிக்கும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்தால் அது பிடிக்கவே பிடிக்காது. அளவாக ஆக்சிலரேட்டரைப் பிடித்து நில்லுங்கள், 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி நகரும்.

ஜிம்னி, ஈரோடு

மேலே சொன்னதோடு டயரைச் சேர்க்க வேண்டும். தினசரி வண்டியில் முதல் செலவு அங்கேதான், வின்ச்சில் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் கருவி) இல்லை.

தாரின் 255/65 ஆர்18 டயரில் பக்கச் சுவர் 166 மி.மீ.தான். 245/75 ஆர்16-ல் 184 மி.மீ. காற்றை இறக்கி ஓட்டும்போது இந்த 18 மி.மீ. ரிம்மைக் காப்பாற்றும். அதனால் மலைக்கு நினைத்திருப்பவர்கள் 16 இஞ்ச் வருகிற வகையை எடுப்பது நல்லது, அலாய் அழகை மறந்துவிடலாம். ஜிம்னியில் 195/80 ஆர்15-க்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடும். ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது, இழுவையும் குறையாது. அதற்கு மேல் போனால் ஒன்றரை லிட்டர் எஞ்சின் ரோட்டில் திணறும்.

காற்று: ரோட்டில் உங்கள் வண்டிக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு. கல் பாதையில் 20 முதல் 22 பி.எஸ்.ஐ., சேற்றில் 18 முதல் 20, மணலில் 15 முதல் 18. 15-க்குக் கீழே போய் ஸ்டீரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி ரோடு ஏறுமுன் நான்கிலும் காற்று நிரப்பியாக வேண்டும். 18-ல் அறுபது கி.மீ. ஓட்டினால் பக்கச் சுவர் சூடேறி உள்ளே நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் பைபாஸில் வெடிக்கும்.

இன்னொன்று. தார், ஜிம்னி இரண்டிலும் முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. அதனால் காய்ந்த கெட்டி ரோட்டில் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக கியர்) ஓட்டாதீர்கள்.

எம்.எம்.540, தேனி

நண்பர்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் மெல்லிய கீறல் விழுந்தாலும் மனசு துடிக்கிற வண்டியில் மலையேற முடியாது. இ.எம்.ஐ. ஓடுகிற வண்டியில் ஓட்டுகிறவரின் கண் பாதையில் இருப்பதில்லை, பக்கத்துப் புதரில் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வாடகை ஜீப்புகளைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய மஹிந்திரா, பட்டை ஸ்பிரிங், கம்ப்யூட்டர் ஏதுமில்லை. (அவர்களுக்கு அதுதான் தினசரி வண்டி என்பது வேறு விஷயம்.)

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். பூஜோ டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்ட ஆள் கிடைப்பார்கள். சேசிஸும் ஆர்.சி.யும் கெட்டிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பார்க்க வேண்டியவை:

ஸ்டீரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸில் கீறலோ பழைய வெல்டிங்கோ. கிரீஸையும் மண்ணையும் டீசல் விட்டுத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெல்டிங் மேல் வெல்டிங் இருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

பின் பட்டையின் ஹேங்கர் (பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடிக்கும் இரும்பு). ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு 'கணீர்' என்னும், துரு தின்றது 'பொத்' என்னும்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பேரிங் (ஸ்டீரிங் ஒடிக்கும்போது சக்கரம் திரும்பும் முளையினுடையது). இரண்டும் மாற்றக்கூடியதுதான், விலையில் குறைத்துப் பேசலாம்.

சேசிஸ் நம்பரை உங்கள் கையால் பென்சில் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் எஞ்சின் நம்பரையும் பாருங்கள். எஞ்சின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றமே நின்றுவிடும். 15 வருடம் தாண்டியதா, புதுப்பித்திருக்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

வாங்கிய விலையில் பாதியாவது தனியே எடுத்து வையுங்கள். பிரேக், ஸ்டீரிங், டயர் ஐந்து, கூலன்ட் ஹோஸ்கள் எல்லாம் முதல் மூன்று மாதத்திலேயே கேட்கும்.

ஸ்கார்ப்பியோ-என் 4x4, சென்னை

ஜீப் அண்ணனிடம் ஒரு கேள்வி. அந்த வண்டி தேனியிலேயே இருக்கிறது, மலை வாசலில். சென்னைக்காரர் என்ன செய்வது? வெளிநாட்டு வீடியோக்களில் டிரெயில் வண்டியை டிரெய்லரில் ஏற்றி இன்னொரு பெரிய வண்டியால் இழுத்துப் போகிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு நடைமுறையில் இல்லை. தனி வண்டி என்றாலும் அது சொந்தக் காலில் முன்னூறு நானூறு கி.மீ. ஓடித்தான் சேர வேண்டும். அறுபது கி.மீ. வேகத்தில், ஏ.சி. இல்லாமல், டிரம் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் ஏழு மணி நேரம். பெரிய மண் டயர் போட்டிருந்தால் காதும் போய்விடும். பிளாட்பெட் (வண்டியை ஏற்றிச் செல்லும் லாரி) வாடகைக்கு எடுத்தால் வருடத்துக்கு ஆறு பயணச் செலவில் தினசரி வண்டிக்கு இரண்டு செட் டயர் வாங்கிவிடலாம். பாதை வீட்டிலிருந்து ஐம்பது கி.மீ.க்குள் இருந்தால் மட்டும் பழைய ஜீப்.

ஜிப்ஸி, ஓசூர்

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் முறை) வந்த பிறகான 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸி. வண்டி எடை ஏறக்குறைய ஒரு டன். சேற்றில் தார் புதையும் இடத்தில் இது மேலே நடந்துவிடும், மாட்டினாலும் நாலு பேர் தள்ளினால் வரும். எண்பதில் ரோட்டில் போகலாம். கார்புரேட்டர் மாடலைத் தவிருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் மிதவை நிலை தவறி எஞ்சின் அணைந்துவிடும், ஏற்றத்தின் நடுவில் அணைவதைவிடக் கெட்டது எதுவுமில்லை.

இதன் பலவீனம் முன் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட் (திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொடுக்கும் மூட்டு). பெரிய டயர், முழுதாக ஒடித்த ஸ்டீரிங், லோ ரேஞ்சில் ஆக்சிலரேட்டர் மூன்றும் சேர்ந்தால் உடைந்தே தீரும். முன்னால் லாக்கர் போட்டால் இன்னும் சீக்கிரம். சக்கரம் சிக்கினால் முதலில் ஸ்டீரிங்கை நேராக்குங்கள், பிறகு கால் கொடுங்கள்.

வின்ச் பம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புல் பாருக்கு (முன் பம்பரில் மாட்டும் இரும்புச் சட்டம்) 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரித்த அமைப்பை மாற்றவும் கூடாது. ஊருக்குள் தினமும் ஓடும் வண்டியில் இதையெல்லாம் மாட்டினால் எந்தச் செக்கிங்கிலும் சிக்கிக்கொள்ளலாம். பழைய ஜீப்புக்கும் சட்டம் அதேதான், 'தனி வண்டி' என்பதால் சலுகை இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கோடு வண்டியும் போகும். தோட்டக்காரரிடமும் நிலச் சொந்தக்காரரிடமும் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்று தினசரி வண்டிக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும். போட்டி, ரேலி என்றால் பாலிசியே ஒதுங்கிக்கொள்ளும்.

தார் பெட்ரோல், திருநெல்வேலி

ஒரே வண்டிதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஞாயிறு சாயங்கால வேலை. ரிம்மின் உள்பக்கத்தில் அப்பிய சேற்றை அன்றைக்கே கழுவுங்கள். காய்ந்தால் எண்பதில் ஸ்டீரிங் நடுங்கும், ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட், பேலன்சிங் என்று பில் போட்டுவிடுவார்கள். ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகமில்லாத தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஓடையில் இறங்கியிருந்தால் பின் டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அப்படியே ஓட்டக் கூடாது, அன்றே மாற்ற வேண்டும். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (காற்று போய்வரும் துளை) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பிரீதர் ஹோஸை நீட்டி எஞ்சின் பே வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீருக்கு முன் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதும் உதவும்.

எம்.எம்.540, தேனி

சென்னை நண்பருக்கு: ஐம்பது கி.மீ. கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: சிக்கியது எந்த வண்டியாக இருந்தாலும் டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) கயிறு மாட்டி இழுக்காதீர்கள். அது பிய்த்துக்கொண்டால் குண்டு மாதிரி பின்கண்ணாடியைத் துளைத்து வரும். இழுக்க வேண்டியவை: சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி, 4.75 டன் ஷாக்கிள் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்), ஒன்பது மீட்டர் கைனடிக் கயிறு (நீண்டு சுருங்கும் கயிறு). இழுக்கும்போது கயிறின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும், முக்கியமாக வீடியோ எடுப்பவர்.