புதுப்பிப்பு: 555 டைமர் மணியோசை, இப்போது இடைவெளியோடு

முந்தைய பதிவில் செய்த மணியோசை சர்க்யூட்டில் இருந்தது இரண்டு 555 ஐசி (சீரான இடைவெளியில் துடிப்புகளைத் தரும் டைமர் சிப்), 9 வோல்ட் சப்ளை. ஒன்று ஓசை எழுப்பும் (10கி, 68கி ரெசிஸ்டர்கள், 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஏறக்குறைய 1 கிலோஹெர்ட்ஸ்; கி என்றால் கிலோ ஓம்). மற்றொன்று நொடிக்கு 19 முறை அதிரும் (10கி, 33கி, 1 மைக்ரோஃபாரட்). அதன் 3ஆம் பின்னிலிருந்து (வெளியீடு) 10கி வழியாக ஓசை ஐசியின் 5ஆம் பின்னுக்கு (கன்ட்ரோல் வோல்டேஜ்) இணைப்பு. ஓசை 900க்கும் 1250 ஹெர்ட்ஸுக்கும் இடையே மாறி மாறி வரும். ஆனால் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

அதற்குத்தான் மூன்றாவது 555. அதன் 3ஆம் பின்னை ஓசை ஐசியின் 4ஆம் பின்னில் (ரீசெட்; இது தாழ்நிலையில் இருக்கும்வரை ஓசை நிற்கும்) கொடுங்கள். அந்தப் பின் சப்ளையோடு இணைந்திருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

2 நொடி ஒலி, 4 நொடி அமைதி வேண்டும். வழக்கமான இணைப்பில் இது நடக்காது: கெப்பாசிட்டரின் சார்ஜ் இரண்டு ரெசிஸ்டர் வழியாகவும் டிஸ்சார்ஜ் ஒன்றின் வழியாகவும் நடப்பதால் ஒலி நேரமே எப்போதும் நீளும். அதனால் மூன்றாவது ஐசியின் 7, 6 பின்களுக்கு இடையிலுள்ள ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு 1என்4148 டையோடு போடுங்கள், ஆனோடு (நேர்முனை) 7ஆம் பின் பக்கம். சார்ஜ் அந்த ரெசிஸ்டரைத் தாண்டி டையோடு வழியாகப் போகும். மேலே (சப்ளைக்கும் 7ஆம் பின்னுக்கும் இடையே) 27கி, கீழே (7க்கும் 6க்கும் இடையே) 56கி, கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட். ரெசிஸ்டரை மெகா ஓமுக்கு ஏற்றிக் கெப்பாசிட்டரைச் சிறிதாக்கலாம்தான். ஆனால் எலக்ட்ரோலிட்டிக் வகை கெப்பாசிட்டரின் மின்கசிவு நேரத்தைக் குலைத்துவிடும். ஆன் செய்ததும் முதல் மணி மட்டும் நீளமாக ஒலிக்கும். கெப்பாசிட்டர் பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது, பழுதல்ல.

மணி நடுவில் தடுமாறினால் ஒவ்வொரு ஐசியின் 8, 1 பின்களுக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் போடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக இணைக்காதீர்கள். 47 ஓமும் 100 மைக்ரோஃபாரடும் தொடரில் வேண்டும். 555-க்குப் பதில் சிமாஸ் (CMOS) வகை 7555 என்றால் டிரான்சிஸ்டர் இல்லாமல் ஸ்பீக்கரை ஓட்டவே வேண்டாம்.