இரவல் கார்ட்ஸ் கட்டை வைத்து உடனே செய்யக்கூடிய லேசான வித்தை ஒன்று சொல்லுங்கோ

தாவடிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் முதல்நாள் இரவு முற்றத்தில் பாய் போட்டு முன்னூற்றிநாலு என்கிற கார்ட்ஸ் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி வந்த இடைவெளியில் கட்டைக் கையில் எடுத்து, இரண்டு மாதமாக யூடியூப் பார்த்துப் பழகிய டபுள் லிஃப்டைச் செய்து காட்டினேன். மேலே இருக்கிற இரண்டு கார்டை ஒன்றுபோலத் தூக்க வேணும் அல்லவா, அது கைவியர்வையில் ஊறிப்போன பழைய கட்டு, தூக்கும்போது மூன்று வந்தது, திரும்ப வைக்கும்போது கத்தரிக்கோல் மாதிரி விரிந்தது. சின்ன மாமா "தம்பி, உன்ரை வித்தையை விட உந்தத் தேத்தண்ணி திறம்" என்றார். அதோடு சரி.

எனக்கு வேண்டியது இதுதான்: யாருடைய கட்டாக இருந்தாலும், முன்கூட்டி எதையும் அடுக்கி வைக்காமல், மேசைகூட இல்லாமல் செய்ய வேணும். வெறும் கணக்கு வித்தை வேண்டாம், கொஞ்சமாவது கைவேலை இருக்க வேணும்.

பனங்கூடல்:
தம்பி, டபுள் லிஃப்டை ஒரு வருசத்துக்கு மூட்டை கட்டி வையுங்கோ. நீங்கள் சின்ன வயதிலிருந்து கட்டைக் கலைக்கிற விதமே ஒரு கைவித்தை. வலக்கையில் கட்டை மேலிருந்து பிடித்து, இடக்கையால் மேலே கொஞ்சம் கொஞ்சமாக உருவி உள்ளங்கையில் விழுத்துகிறோமே, அதுதான். வெளிநாட்டு வித்தைக்காரர் அதற்கு இந்து ஷஃபிள் என்று பேர் வைத்து, தனியாகப் படிக்கிறார்கள். எங்கள் ஊரில் வாசிகசாலைத் திண்ணையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

இப்போது நன்றாகக் கவனியுங்கோ. உருவுவது எப்போதும் மேலே இருந்துதான். ஆகவே எத்தனை தரம் உருவினாலும் வலக்கைக் கட்டின் அடிக்கார்ட் அசையாமல் அதே இடத்தில் இருக்கும். எதிரில் இருப்பவர் "நிற்பாட்டு" என்றதும் வலக்கையில் மிச்சமிருக்கிற கட்டை நிமிர்த்தி அடிக்கார்டை அவருக்குக் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கோ. தான் நினைத்த இடத்தில் நிறுத்தியதாக அவர் நம்புவார். எங்கே நிறுத்தினாலும் காட்டப்போவது அந்த ஒரு கார்டைத்தான். பிறகு அந்தக் கட்டை இடக்கைக் கட்டுக்கு மேலே போட்டால் அந்தக் கார்ட் நடுவில் போய்விடும். முழுவதையும் அவரிடமே கொடுத்து ஆசை தீரக் கலைக்கச் சொல்லுங்கோ.

வலக்கைப் பிடி முக்கியம். பெருவிரல் ஒரு நீளப் பக்கம், நடுவிரலும் மோதிரவிரலும் மற்றப் பக்கம், உங்கள் உடம்புக்குக் கிட்ட உள்ள முனையில். கட்டின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேணும், இல்லாவிட்டால் எதிரில் குந்தியிருப்பவருக்கு அடிக்கார்ட் தெரிந்துவிடும்.

யாழ்தேவிப் பயணி:
பனங்கூடல் அண்ணை சொன்னது சரி, ஆனால் அடிக்கார்டை முதலில் எப்படிப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். புதிதாகப் பழகுபவர் மாட்டுப்படுவதே அங்கேதான், கட்டைக் கவிழ்த்துக் கள்ளன் மாதிரி எட்டிப் பார்ப்பார்கள். நான் கட்டை வாங்கியதும் "இது முன்னூற்றிநாலுக் கட்டோ, முழுக் கட்டோ?" என்று கேட்டுக்கொண்டே எல்லார் முன்னாலும் முகத்தைத் திருப்பி விரித்துப் பார்ப்பேன். ஏழுக்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் முன்னூற்றிநாலுக் கட்டு. அந்தச் சாட்டில் அடிக்கார்ட் மனதில் பதிந்துவிடும். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் அது நியாயமான கேள்வி.

இன்னொன்று. முன்னூற்றிநாலுக் கட்டில் 32 கார்ட்தான். நாலு நாலாக உருவினால் எட்டுத் தரத்தில் முடிந்துவிடும், எதிரில் இருப்பவர் வாயே திறந்திருக்க மாட்டார். இரண்டு மூன்றாக ஆறுதலாக உருவுங்கோ. அப்படியும் கை வெறுமையாகிற மாதிரி வந்தால் கடைசித் துண்டைக் கீழே போட்டுவிடாதேங்கோ, அதற்குள்தானே உங்கள் கார்ட் இருக்கிறது. "என்ன, நித்திரையோ?" என்று கேட்டபடி இடக்கைக் கட்டை எடுத்து அதற்கு மேலே வைத்துத் திரும்பத் தொடங்குங்கோ.

தாவடிப் பெடியன்:
நன்றி அண்ணைமார். நேற்று இரவு கரண்ட் போன நேரம் தங்கச்சியிடம் செய்து பார்த்தேன். அடிக்கார்ட் கிளாவர் ஒன்பது. நிறுத்தினாள், பார்த்தாள், கலைத்தாள், நான் சொன்னேன், கண் பிதுங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு தரம் செய் என்றாள், செய்தேன். இரண்டாம் தரம் நிறுத்திவிட்டு, "இப்ப இடக்கையில மேல இருக்கிறதைக் காட்டு, அதைத்தான் நான் எடுப்பன்" என்கிறாள். மாட்டிக்கொண்டேன். இதற்கு என்ன செய்வது?

பனங்கூடல்:
ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டாம் தரம் செய்யாமல் இருப்பதுதான் மருந்து. எந்த வித்தையையும் மூன்று தரம் பார்த்தால் பிடித்துவிடுவேன் என்று பேர்போன வித்தைக்காரர் ஹூடினி சொல்லித் திரிந்தவர். 1922இல் சிக்காகோவில் டாய் வெர்னன் என்கிற கார்ட் வித்தைக்காரர் ஒரே வித்தையை அவருக்குத் திரும்பத் திரும்பக் காட்டியும் அவரால் பிடிக்க முடியவில்லை. ஆனால் வெர்னன் கையில் இரண்டு பக்கமும் முதுகுப்படம் உள்ள விசேஷக் கார்ட் இருந்தது. உங்கள் கையில் இருப்பது மாமாவின் பழைய கட்டு.

பிறகு, கார்டின் பேரை உடனே சொல்லிவிடாதேங்கோ, முழுச் சுவையும் அங்கேதான் போகிறது. அவர் கலைத்து முடித்ததும் எல்லாவற்றையும் முகம் தெரிய விரித்து, அவருடைய மணிக்கட்டைப் பரியாரி நாடி பிடிக்கிற மாதிரிப் பிடித்து, சுட்டுவிரலைக் கார்டுகளுக்கு மேலால் கொண்டுபோங்கோ. ஒருதரம் சரியான கார்டைத் தாண்டிப் போய்ச் சந்தேகத்தோடு திரும்பி வாருங்கோ. "நாடி இங்கே துள்ளுது" என்று அந்தக் கார்டில் விரலை இறக்கினால், நீங்கள் கலைத்த விதம் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

யாழ்தேவிப் பயணி:
நாடி நல்ல யோசனை, நாளைக்கே ரயிலில் செய்யப்போகிறேன். தம்பி, ஒன்று மட்டும்: இதை உங்கள் மாமா இருக்கிற இடத்தில் செய்தால் பிறகு முன்னூற்றிநாலுக்கு உங்களைக் கட்டுக் கலைக்க விடமாட்டார்கள். எனக்கு நாலு வருசமாக அதுதான் நிலைமை, ஸ்கோர் எழுதுகிற வேலைதான் கிடைக்கிறது.