4625 கிலோஹெர்ட்ஸ் ‘பஸ்ஸர்’: அணுப் பதிலடிக் கருவியா, ராணுவத் தொடர்புத் தடமா?

நள்ளிரவு நேயர்:
ரஷ்யாவின் ‘பஸ்ஸர்’ எனப்படும் யுவிபி-76 வானொலி நிலையம் 4625 கிலோஹெர்ட்ஸில் இரவு பகலாகக் கரகரத்துக்கொண்டே இருக்கிறது. அது ‘பெரிமீட்டர்’ என்ற தானியங்கி அணுப் பதிலடி அமைப்பின் உறுப்பு என்பதே என் கருத்து. ஒலி நின்றால் தலைமை அழிந்துவிட்டது என்று பொருள். வேறு எதற்காக இத்தனை ஆண்டுகளாக மின்சாரத்தைக் கொட்டி ஒரே சத்தத்தை அனுப்புவார்கள்?

சிற்றலைச் செல்வன்:
அந்த ஒலி நின்றிருக்கிறதே! 2010 ஜூன் 5 அன்று நின்று மறுநாள்தான் திரும்பியது. 2022 ஜனவரியில் திருட்டு ஒலிபரப்பாளர்கள் அதே இடத்தில் பாட்டுப் போட்டு அதை மூழ்கடித்தார்கள். ஏவுகணை எதுவும் கிளம்பவில்லை. சிற்றலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னேறிய வான்பகுதிதான் அயனிமண்டலம்; அதன் கீழ்ப்பகுதியான டி அடுக்கு பகலில் 4.6 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தொலைதூரம் போகவிடாமல் விழுங்கிவிடும். சூரியனில் பெரிய வெடிப்பு வந்தால் பகல் பக்கம் முழுக்கத் தொடர்பு அறுந்துபோகும். இவ்வளவு நம்பகமில்லாத பாதையில் அணுப்போரை எந்தப் பொறியாளரும் கட்டிவைக்கமாட்டார். பெரிமீட்டர் தன் உத்தரவை அனுப்புவது கட்டளை ராக்கெட் வழியாக.

இது தடத்தை, அதாவது அந்த அலைவரிசையை, பிடித்து வைக்கும் ஒலி. ரிசீவர் முன் அமர்ந்திருப்பவருக்குத் தொடர்பு உயிரோடிருப்பதைச் சொல்லும். பிறர் அங்கே வந்து உட்காராமலும் தடுக்கும். வேலை வரும்போது கரகரப்பை நிறுத்திவிட்டுக் குரலில் செய்தி படிப்பார்கள். 1997 டிசம்பர் 24 அன்று வந்தது: அழைப்புப் பெயர், 18008, ‘ப்ரோமால்’, 74 27 99 14. பிறகு அந்தச் சொல்லை போரிஸ், ரோமன், ஓல்கா என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார்கள். இவ்வளவு குட்டிச் செய்தி குறியீட்டுப் புத்தகத்தின் ஒரு வரியைச் சுட்டுவதாகத்தான் இருக்கவேண்டும். புத்தகம் கையில் இல்லாமல் அதை உடைக்க வழியில்லை.

அயனி:
பெரிமீட்டர் கதையை நானும் ஏற்கவில்லை. ஆனால் ‘தடம் காக்க’ என்பதும் போதாது. ரஷ்யாவின் போரோக் புவி இயற்பியல் ஆய்வகத்தினர் 4.625 மெகாஹெர்ட்ஸ் அலையின் எதிரொலிப்பைக் கொண்டு அயனிமண்டல மாற்றங்களை அளந்திருக்கிறார்கள். தடம் காப்பதுதான் நோக்கம் என்றால் ‘பிப்’ என்ற இன்னொரு ரஷ்ய நிலையம் போல பகலில் 5448, இரவில் 3756 கிலோஹெர்ட்ஸ் என்று மாறலாமே. இது மாறுவதே இல்லை. ஒரே அலைவரிசை, ஒரே ஒலி, நாள் முழுக்க: அளவீட்டுக்குத் தேவையானது அதுதான்.

சிற்றலைச் செல்வன்:
நிலையாக ஒலிக்கும் எந்த நிலையத்தையும் யார் வேண்டுமானாலும் அளவுகோலாக்கலாம். அதற்காகவே அதைக் கட்டினார்கள் என்று ஆகிவிடாது. 2001 நவம்பரில் மைக் திறந்தே கிடந்தபோது, “நான் 143, ஜெனரேட்டரின் (ஒலி எழுப்பும் கருவியின்) சிக்னல் கிடைக்கவில்லை” என்று ஒருவர் சொன்னது வானில் போய்விட்டது. அது பணியில் இருக்கும் சிக்னல் ஆள் பேசும் பேச்சு. அலைவரிசை மாறாததற்குக் காரணம் தூரம்: பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் 4.6 வேலை செய்யும். ஒரு ராணுவ மாவட்டத்துக்கு அது போதும்.

டைபோல்:
விவாதிப்பவர்கள் முதலில் கேட்டுப் பாருங்கள். டிசம்பரில் இந்திய நேரம் இரவு 7-க்குமேல் மாஸ்கோ வரை பாதை முழுக்க இருட்டு. ஜூனில் நள்ளிரவு ஆகவேண்டும். ஆன்டெனாவுக்கு, நடுவில் இணைப்பு எடுக்கும் அரை அலை டைபோல் கம்பி மொத்தம் 30.8 மீட்டர், பக்கத்துக்கு 15.4. கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 ரிசீவர் என்றால், மென்பொருளில் ‘க்யூ கிளை நேரடி சாம்பிளிங்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூர் மத்திய அலை நிலையம் அதைத் திணறடிக்கும், ஆகவே முன்னால் தாழ்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டர் வையுங்கள். எல்இடி பல்பு, சார்ஜர் இரைச்சலைப் பலரும் பஸ்ஸர் என்று பதிவேற்றுகிறார்கள். உண்மையான பஸ்ஸர் ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஒலித்து, ஏறக்குறைய அதே அளவு நிற்கும். சோதனை எளிது: ரிசீவரை, மைய அலைவரிசைக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் கேட்கும் கீழ்ப் பக்கப்பட்டைக்கு (எல்எஸ்பி) மாற்றுங்கள். வழக்கமாக ஒலி மேல் பக்கப்பட்டையில் மட்டும்தான் வரும், எனவே கரகரப்பு மறையும். வீட்டு இரைச்சல் இரண்டிலும் இருக்கும்.

நள்ளிரவு நேயர்:
இணையத்தில் பல ரிசீவர்களுக்குச் சிக்னல் வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு நிலையத்தின் இடத்தைக் கணக்கிடும் கிவிஎஸ்டிஆர் டிடிஓஏ-வில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடம் காட்டுகிறது. இடத்தை வேண்டுமென்றே மறைப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டைபோல்:
அது மறைப்பு இல்லை, ரிசீவர் தேர்வில் வரும் பிழை. 500 கி.மீ. தூரத்து ரிசீவருக்கு அலை அயனிமண்டலத்தில் 300 கி.மீ. உயரத்தில் பட்டுத் திரும்பினால் தரைத் தூரத்தைவிட ஏறத்தாழ 290 கி.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது; 1500 கி.மீ. ரிசீவருக்குக் கூடுதல் ஏறத்தாழ 150 மட்டுமே. இரண்டையும் கலந்தால் கிட்டத்தட்ட அரை மில்லிவிநாடி பிசகும், வரைபடத்தில் புள்ளி ஓடிவிடும். அருகிலுள்ளதைத் தவிர்த்து, ஒத்த தூரத்தில், நாலாபக்கமும் இருக்கிற நான்கைந்து ரிசீவர்களை எடுங்கள். எல்லாமே ஜெர்மனியில் இருந்தால், நேர வேறுபாட்டிலிருந்து வரைபடத்தில் வரையும் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகப் போகும், வெட்டிக்கொள்ளாது. ஜிபிஎஸ் நேரத்தோடு கடிகாரம் ஒத்திசையாத ரிசீவரை விலக்குங்கள். 30 விநாடி சாம்பிள் போதும்.

அயனி:
இதே கணக்கு என் பக்கமும் பேசுகிறது. அடுக்கின் உயரம் மாறினால் வந்துசேரும் நேரம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் போரோக்கில் அளந்தார்கள். ராணுவம் அந்தத் தகவலைத் தன் தொடர்புக்கே பயன்படுத்தாமல் விட்டிருக்கும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

சிற்றலைச் செல்வன்:
பயன்படுத்தட்டும். ஆனால் அளவீட்டு நிலையம் என்றால், மணிக்கணக்கில் தொடரும் அளவைக் கெடுத்துக்கொண்டு நடுவில் கரகரப்பை நிறுத்திச் செய்தி படிக்கவேண்டிய அவசியம் என்ன? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.