கடல் இல்லாத ஊருக்குத் துறைமுகம் பார்க்கப் போகலாமா? பிரிஸ்டலா, போர்ட்ஸ்மத்தா?

பயணப்பித்தன்:
செப்டம்பரில் லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறோம். பழைய துறைமுக நகரம் ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட வேண்டும். பாடிங்டனில் ரயில் ஏறினால் பிரிஸ்டல், வாட்டர்லூவில் ஏறினால் போர்ட்ஸ்மத். பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மாவும் வருகிறார், சமதரையில் நடப்பார், மேடு ஏற மாட்டார். மச்சானோ, "பிரிஸ்டல்ல என்னத்தப் பாக்கப் போறீங்க, அங்க கடலே கிடையாது" என்கிறார். இங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
மச்சான் சொல்வது சரி. தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். துறைமுகம் என்றால் கப்பல் வரவேண்டும், போகவேண்டும். பிரிஸ்டலில் அந்த வேலையெல்லாம் ஆறு கடலில் சேரும் ஏவன்மவுத் பக்கம் போய்விட்டது. ஊருக்குள் மிச்சம் இருப்பது காபிக்கடையும் அடுக்குமாடியும்தான். போர்ட்ஸ்மத்தில் ரயில் நிலையமே தண்ணீர்மேல் நிற்கிறது. இறங்கியதும் எதிரே 1860இல் நீரில் இறக்கிய வாரியர் என்ற போர்க்கப்பல். உள்ளே மேரி ரோஸ் என்ற இன்னும் பழைய போர்க்கப்பல். 1545இல் மூழ்கி, 1982இல் மேலே வந்தது. மாலுமிகளின் நீள்வில், தோல் செருப்பு, பேன்சீப்பு வரை அப்படியே கிடைத்திருக்கிறது. கடற்படைத் தளபதி நெல்சன் 1805இல் உயிர்விட்ட விக்டரி கப்பலும் அங்கேதான். பக்கத்திலேயே இன்றைய கடற்படைக் கப்பல்கள். வேறென்ன வேண்டும்?

ஆற்றங்கரை அகிலா:
//அந்த வேலையெல்லாம் ஏவன்மவுத் பக்கம் போய்விட்டது//
போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் கடலோடி அண்ணா, கப்பல் தெரிந்த நீங்களே இப்படிச் சொல்லலாமா? ஏவன்மவுத்தில் பெரிய ஓதத்தின்போது (கடல் பொங்கி வடிவது) நீர்மட்டம் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். நம் தூத்துக்குடியில் ஒரு மீட்டர் வருமா? அந்த ஓதத்தின் மேலேறித்தான் கப்பல்கள் ஊருக்குள் வந்தன. தண்ணீர் வடிந்ததும் சேற்றில் உட்கார்ந்துவிடும். அடிக்கட்டை வலுவில்லாத கப்பல் அங்கேயே பிளந்துபோகும். இதற்கு வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர் செய்த வேலையைப் பாருங்கள்: ஆற்றின் பழைய தடத்தை லாக் என்ற நீர்மதகுக் கதவு போட்டு அடைத்துத் தண்ணீரைத் தேக்கினார்; ஆறு போவதற்கு நியூ கட் என்று தெற்கே புதிதாக ஒரு வழி வெட்டினார். 1809இல் முடிந்தது. இன்றும் ஒரு பக்கம் தளும்பாத தண்ணீர், கொஞ்சம் தள்ளி நியூ கட்டில் பழுப்புச் சேற்றுச் சரிவு, அடியில் ஓடையாய் ஆறு. ஓதம் இறங்கிய நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அப்புறம், விக்டரியை இப்போது சாரம் கட்டிப் பழுதுபார்க்கிறார்கள். போட்டோவில் பார்க்கிற மூன்று பாய்மரம் நேரில் இருக்காது. அதையும் பயணப்பித்தனிடம் சொல்லிவிடுங்கள்.

கடலோடி:
சாரம் இருந்தால் என்ன? உள்ளே விடுகிறார்கள், தச்சர்கள் வேலை செய்வதையே பார்க்கலாம். எனக்கு அது கூடுதல் லாபம். 12 மீட்டர் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும் அகிலா. சுற்றுலா வருகிறவர் சேற்றைப் பார்க்கவா 100 மைலுக்கு மேல் ரயிலில் வருவார்?

சில்லறைச் செலவு:
நடுவில் ஒரு வார்த்தை. பிரிஸ்டலில் எல்லாரும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற கப்பலுக்குத்தான் அனுப்புவார்கள். தலைக்கு 20 பவுண்டுக்கு மேல். ஒரு பழைய இரும்புக் கப்பலுக்கு இது கொஞ்சம் ஓவர். நான்கு பேர் குடும்பம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எம் ஷெட் அருங்காட்சியகம் இலவசம், படகுத்துறை ஓரம் நடப்பது இலவசம். கப்பலைக் கரையில் நின்றே பார்த்துவிடலாம்.

ஆற்றங்கரை அகிலா:
கரையிலிருந்து பார்த்தால் பாதிக் கப்பல்தான் தெரியும். நீர்மட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தளம் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, கப்பலைக் கட்டிய அதே உலர்துறைக்குள் (தண்ணீரை வெளியேற்றிவிட்ட கப்பல் கட்டும் பள்ளம்) நீங்கள் இறங்கி நடக்கலாம். தலைக்குமேல் தண்ணீர் அலையும், பக்கத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரும்புத் தகடு. மேற்கொண்டு துரு ஏறாமல் இருக்கக் காற்றின் ஈரத்தை இயந்திரம் வைத்து உறிஞ்சுகிறார்கள். பிரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்து 1843இல் நீரில் இறக்கிய கப்பல். அவ்வளவு பெரிதாகக் கட்டிவிட்டு, வெளியே கொண்டுபோக லாக்கின் கல்லைப் பெயர்க்க வேண்டி வந்தது தனிக் கூத்து. கடைசியில் ஃபாக்லாந்து தீவில் மூழ்கவிட்டுக் கைவிட்டதை, 1970இல் மிதவைமேல் ஏற்றி இழுத்து வந்தார்கள். 1861இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இதில்தான் போனது. சில்லறை சார், இதற்கு 20 பவுண்டு தண்டமா?

மாற்றுக்கருத்து மணி:
கிரிக்கெட்காரர்களைச் சொன்ன தோழர், 1857இல் அதே கப்பல் யாரை ஏற்றிப்போனது என்று சொல்லவில்லையே? சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க, அயர்லாந்தின் கார்க்கிலிருந்து பம்பாய்க்குக் குதிரைப்படை. அதற்கு முந்தைய கணக்கு இன்னும் மோசம். 1698க்கும் 1807க்கும் இடையில் பிரிஸ்டலிலிருந்து 2000க்கு மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள். நீங்கள் ரசித்துப் போட்டோ எடுக்கும் ஜார்ஜியன் மாளிகைகளில் அந்தக் காசும், கரும்புத் தோட்டக் காசும் இருக்கிறது. அதைப் பார்க்க டிக்கெட் வேறு எடுக்க வேண்டுமா?

கடலோடி:
இதை வைத்துத்தான் நானும் சொல்கிறேன், போர்ட்ஸ்மத் போங்கள் என்று.

மாற்றுக்கருத்து மணி:
அண்ணே, அந்தப் பேரரசுக்குக் காவல் நின்ற கடற்படையின் வீடே போர்ட்ஸ்மத்தானே? அங்கே பீரங்கியைத் துடைத்து மெருகேற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆற்றங்கரை அகிலா:
மணி சொல்கிற கணக்கு சரி, முடிவுதான் சரியில்லை. அந்தக் கணக்கைக் கண்முன் வைத்திருக்கும் ஊருக்குப் போகாமல் வேறு எங்கே போவது? அடிமை வணிகத்தில் பங்கெடுத்த கோல்ஸ்டனுக்கு 1895இல் சிலை வைத்தார்கள், உத்தமர் என்று கல்வெட்டு வேறு. 2020 ஜூனில் மக்கள் அதை இழுத்துத் தள்ளித் துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். இப்போது எம் ஷெட்டில் படுத்த நிலையில், மேலே பூசிய சாயம் போகாமல் கிடக்கிறது. தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நடைபாலத்தின் பெயர் பெரோ. நெவிஸ் தீவுத் தோட்ட முதலாளி பின்னி இங்கே அழைத்துவந்த அடிமைப் பணியாளர் அவர். பின்னியின் வீடுதான் இப்போது ஜார்ஜியன் ஹவுஸ் அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் முதலாளி முங்கிக் குளிக்கத் தனியாகக் குளிர்நீர்த் தொட்டி. அதை நிரப்பியது யார் கை என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.

ராஜா ராம்மோகன் ராய் 1833இல் இந்த ஊரில்தான் இறந்தார். ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில், துவாரகநாத் தாகூர் எழுப்பிய இந்திய பாணி மண்டபம் இருக்கிறது. காலேஜ் கிரீனில் சிலையும் உண்டு. 1963இல் கறுப்பர்களையும் ஆசியர்களையும் பேருந்து ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தபோது மாதக்கணக்கில் பேருந்தைப் புறக்கணித்து வென்ற ஊரும் இதுதான். வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநர் ஒரு சீக்கியர்.

மாற்றுக்கருத்து மணி:
எம் ஷெட் இலவசம் என்பதால் அதுவரை ஒத்துக்கொள்கிறேன். கப்பலுக்கு என் காசு கிடையாது.

பயணப்பித்தன்:
சண்டையில் நிறைய விஷயம் கிடைத்தது, நன்றி. பிரிஸ்டல் என்றே வைத்துக்கொண்டால் அம்மாவால் முடியுமா? தொங்குபாலம் பார்க்க மேடு ஏற வேண்டுமாமே?

ஆற்றங்கரை அகிலா:
கிளிஃப்டன் பாலத்தின்மேல் நிற்க வேண்டுமென்றால் மேடுதான், பேருந்தில் போகலாம். நான் அம்மாவுடன் என்றால் கம்பர்லேண்ட் பேசின் பக்கம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன், உயரம் அங்கிருந்துதான் புரியும். டெம்பிள் மீட்ஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் படகு ஏறினால் கப்பல் வரை உட்கார்ந்தே வரலாம். படகு நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலிலும் உலர்துறைக்கு இறங்கவும் லிஃப்ட் உண்டு.

கடலோடி:
மேரி ரோஸிலும் லிஃப்ட் உண்டு. தகவலுக்காகச் சொல்கிறேன்.