மாயவரத்து வெக்கையில் ரோயிங் மெஷின்: முன்னேற்றத்தை நான் கணக்கிடும் விதம்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், காற்றுச் சக்கரம் கொண்ட ரோயிங் மெஷினில் (துடுப்பு வலிப்பதுபோல் இழுத்துச் செய்யும் உடற்பயிற்சிக் கருவி) இடைவெளிப் பயிற்சி செய்து வருகிறேன். 500 மீட்டர் வீதம் எட்டுச் சுற்று, நடுவே மூன்றரை நிமிட ஓய்வு. வாரம் ஒருமுறை இந்தத் திட்டத்தை மாற்றாமல் செய்கிறேன். ஒரு வாரம் தூரத்தையும் மறுவாரம் நேரத்தையும் வைத்துப் பயிற்சி செய்தால் எதை எதனோடு ஒப்பிடுவது?

குறிப்பேட்டில் நான் முதலில் பார்ப்பது மிக வேகமான சுற்றை அல்ல. முதல் சுற்றுக்கும் எட்டாவது சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். தொடக்கத்தில் 500 மீட்டருக்கு 2:08 (2 நிமிடம் 8 நொடி) என ஆரம்பித்து, வேகம் குறைந்து கடைசியில் 2:19-க்கு வந்தேன். இப்போது எட்டுச் சுற்றுகளும் 2:11-க்கும் 2:13-க்கும் இடையில் அமைகின்றன. சராசரி நேரம் அதிகம் மாறவில்லை என்றாலும், இழுக்கும் ஆற்றலை அளக்கும் வாட் கணக்கில், ஏறத்தாழ 37 வாட்டாக இருந்த சரிவு 7 வாட்டாகக் குறைந்திருக்கிறது. என் பார்வையில் இதுவே உண்மையான முன்னேற்றம்.

நேரத்தோடு வாட் அளவையும் நான் எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்கிறது. 2:10-இலிருந்து 2:05-க்கு வர ஏறத்தாழ 20 வாட் கூடினால் போதும். 2:00-இலிருந்து 1:55-க்கு வர 27 வாட்டுக்கு மேல் வேண்டும். வேகம் கூடக் கூட ஒவ்வொரு நொடியையும் குறைப்பது கடினமாவதால், நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் வளர்ச்சி நின்றுவிட்டதாக எண்ணி மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

நம் டெல்டாவில் பருவத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அக்கினி நட்சத்திர நாள்களில், புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்கவே இரத்த ஓட்டத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திரும்புவதால், அதே வாட் அளவுக்கு இதயத் துடிப்பு கூடுதலாகவே இருக்கும். மின்சாரம் நின்றாலும் மெஷின் ஓடும். ஆனால் மின்விசிறி நின்றுவிடும் என்பதால் அன்றைய குறிப்பில் அதையும் எழுதிவைக்கிறேன். மே மாதத்தை மார்கழியோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுவதே நியாயம். சுற்று முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

சம்பா அறுவடைக் காலத்தில் பறக்கும் தூசி சக்கரக் கூண்டின் கண்களை அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைத்துவிடும். சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் அதே எண்ணில் இருந்தாலும், சக்கரம் உண்மையில் தரும் எதிர்ப்பின் அளவான டிராக் ஃபேக்டர் இறங்கியிருக்கும். என் மெஷினின் திரை அதைக் கணக்கில் கொண்டே நேரத்தைக் காட்டினாலும், இழுக்கும்போது கைக்குக் கிடைக்கும் பாரம் மாறிவிடுகிறது. ஆகவே, பயிற்சிக்கு முன் டிராக் ஃபேக்டரைப் பார்த்து, எப்போதும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்குகிறேன்.

நீர்த்தொட்டி வகையும் காந்த வகையும் வைத்திருப்பவர்கள் என் எண்களோடு தங்கள் எண்களை ஒப்பிட வேண்டாம். அவற்றின் கணக்கீட்டு முறை வேறு. அவர்கள் தங்கள் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் எழுதினால், படிக்க ஆவலாக இருக்கிறேன்.