கவுன்டி கிளப் மாதிரி மெம்பர்ட்ட கேட்டு முடிவெடுக்க வைக்க முடியுமா?

கேள்வி: அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைல நாங்க கிரிக்கெட் வெளாடுத கிளப்புல சந்தா மட்டும் கரெக்டா வாங்குதாவ, ஆனா பிராக்டீஸ் நேரத்த மாத்துனா வாட்ஸ்அப்ல ஒத்த வரி தான், அதுலயும் அட்மின் மட்டும் தான் பேச முடியும். இங்கிலாந்துல கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கிரிக்கெட் கிளப்புல மெம்பர்ஸ்ட்ட எப்படி கேக்காவ?

பதில் 1: அங்க 18 கவுன்டில 15 மெம்பர்ஸ் கைல தான் தம்பி. 2024 பிப்ரவரில யார்க்‌ஷயர்ல பழைய சேர்மன் காலின் கிரேவ்ஸ் திரும்ப வாரதுக்கே மெம்பர்ஸ் ஓட்டுப் போட வேண்டியிருந்துச்சு.

பதில் 2: 2022ல இங்கிலாந்து முன்னாள் கேப்டன் ஸ்ட்ராஸ் தலைமைல இருந்த கமிட்டி, கவுன்டி சாம்பியன்ஷிப்ல ஒரு டீமுக்கு உள்ள மேட்ச 14லேருந்து 10ஆ கொறைக்கச் சொன்னப்போ மெம்பர்ஸ் விட்டாவளா, கடுமையா எதிர்த்தாவ, நடக்கல. அதான் வேணும் நமக்கும்.

பதில் 3: மொதல்ல கிளப்போட பைலாவ (விதிமுறைய) வாங்கிப் படிலே. சங்கமா பதிவு பண்ணிருந்தா வருசத்துக்கொருக்க பொதுக்குழு கூட்டியே ஆவணும். எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கி செயலாளர்ட்ட எழுத்துல குடு.